மாரம்மாவுக்குச் சொன்ன குறை

பத்தரை மணி நேர்முகத்துக்கு மாரம்மா ஏழே முக்காலுக்கே வந்துவிட்டார். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கைத்துணை அறக்கட்டளையின் அலுவலகம். எட்டரைக்கு நான் சாவியோடு போனபோது படிக்கட்டில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்கு வந்து சேரலாம். ஆனால் அந்த பஸ் வாரத்தில் இரண்டு நாள் வராது, எந்த இரண்டு நாள் என்பது டிரைவருக்கே தெரியாது. அதனால் முந்தின நாளே கெலமங்கலம் வந்து தங்கிவிட்டாராம். புதுப் புடவை, கடையில் மடித்துக் கொடுத்த கோடு இன்னும் கலையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இங்கிலீஷ்ல கேப்பாங்களாங்க சார்?" என்றார். "தமிழ்லயே பேசலாம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மைதான், அவர் எதிரில்.

என் தொழில் என்னவென்று என் மாமனாருக்கு இன்றுவரை புரியவில்லை. தொண்டு நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் ஓய்வு பெறும்போது, அடுத்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, பழையவரை மனம் நோகாமல் எழுப்பி, புதியவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஆறு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற ஆலோசகன் நான். விளக்கி முடித்ததும், "புரோக்கருன்னு சொல்லுங்க" என்றார் அவர். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் துறையில் இருந்தேன். அங்கே ஆட்களைச் சேர்த்ததைவிட அனுப்பிய அனுபவம்தான் அதிகம். ஒருவரை வேண்டாமென்று சொல்லும்போதும் அவர் நமக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி பேசுவது எப்படி என்று கற்றுக்கொண்டது அங்கேதான். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

கைத்துணையை ஆரம்பித்தவர் யேசுராஜ். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஜீப்போடு மலைக்கு ஏறியவர். அஞ்செட்டிக்கு அப்பால் இருக்கிற காட்டுக் கிராமங்களில் பிரசவ வலி வந்த பிறகு கிளம்பினால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் தேதிக்குப் பத்து நாள் முன்பே பெண்களை அழைத்து வந்து தங்க வைப்பதற்குக் கெலமங்கலத்தில் ஒரு வீடு எடுத்தார். வீடு எடுப்பது சுலபம், அதில் வந்து தங்கச் சொல்லி ஒரு மாமியாரைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. அந்த வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்து வருபவர் மாரம்மா. பத்தாவது படித்தவர், மலைக்காரர், வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். யேசுராஜுக்கு அறுபத்தெட்டு வயதாகி, முழங்கால் இரண்டும் மலை ஏற மறுத்தபோது, நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது.

குழுவின் தலைவர் மோகன்குமார், ஒரு பெரிய ஆலையின் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பிலேயே கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "வெளியில இருந்து படிச்ச ஆள் வேணும் ஹரீஷ். உதவி பண்ற கம்பெனிக்காரங்க முன்னாடி நின்னு பேசணும். ஆனா எல்லாம் முறைப்படி நடந்த மாதிரி இருக்கணும்." நடந்த மாதிரி. நான் தலையாட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் அறிக்கைகளில் 'உள்ளிருந்து விண்ணப்பித்தோர்' என்று ஒரு வரி உண்டு. அதில் பூஜ்யம் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அதற்காக ஒருநாள் மெனக்கெட்டு அஞ்செட்டிக்குப் போய், விண்ணப்பம் போடச் சொல்லி மாரம்மாவைப் பிடித்தேன். "எனக்கெதுக்குங்க சார் அதெல்லாம்" என்று சிரித்தார். விடவில்லை. இத்தனை வருஷ அனுபவம் யாருக்கு இருக்கிறது, நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள், எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் என்றெல்லாம் பேசினேன். என் பேச்சு அவருக்குள் இறங்குவது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தயங்கித் தயங்கி, "நெசமாலுமே எனக்கும் கெடைக்கலாங்களா?" என்று கேட்டார். "ஏன் கிடைக்காது?" என்றேன். இப்போது எழுதும்போதும் அந்த இடத்தில் கை நிற்கிறது.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மோகன்குமார், யேசுராஜ், நான். முதலில் வந்த லாவண்யா பெங்களூரில் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்த பெண், சமூகப்பணியில் மேல்படிப்பு. கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவான பதில். ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்து மாரம்மா வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் கேட்ட அதே கேள்வியை மோகன்குமார் கேட்டார். "ஒரு குடும்பம் வரவே மாட்டோம்னு சொல்லிட்டா, உங்க ஸ்ட்ராட்டஜி என்ன?" மாரம்மா என்னைப் பார்த்தார். "என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறார்" என்றேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. போய் உக்காந்துக்குவன்."

மோகன்குமார் புன்னகைத்தார். மாரம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "மாடு கன்னைப் பத்திக் கேப்பனுங்க. ராகி அறுத்தாச்சான்னு கேப்பன். யானை எறங்குச்சான்னு கேப்பன். வந்த விசயத்தச் சொல்ல மாட்டன். ஒருக்கா ஒரு வீட்டுக்கு நாலு நாள் போனனுங்க. அந்த மாமியாக்காரி ஏன் வந்தேன்னு கேக்கல, நானும் சொல்லல. அவுங்க களி கிண்டுவாங்க, நான் வெறகு ஒடச்சுக் குடுப்பன். அஞ்சாவது நாளு அவுங்களே, எனக்கு மொதப் புள்ள பாதி வழியில ஜீப்புலயே போயிடுச்சு மாரம்மான்னு சொன்னாங்க. இருவத்திரண்டு வருசமா யார்கிட்டயும் வாயத் தொறந்ததில்லயாம். அழுதாங்க, நானும் அழுதன். அழுது முடிச்சு மூஞ்சியக் கழுவிட்டு, அவுங்களே மருமவ துணிய மூட்டை கட்டிக் கையில குடுத்தாங்க. ஆஸ்பத்திரிங்கற வார்த்தைய நான் சொல்லவே இல்லீங்க." சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். யேசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மதிப்பெண்களை மூவரும் தனித்தனியே எழுதி உறையில் போட்டுத் தருவது என் ஏற்பாடு. பிரித்துக் கூட்டினேன். லாவண்யாவுக்கு முந்நூறுக்கு இருநூற்று இருபத்து நான்கு. மாரம்மாவுக்கு இருநூற்று முப்பத்தொன்பது. இரண்டாம் முறை கூட்டினேன். அதேதான். மூன்று பேருமே மாரம்மாவுக்குத்தான் அதிகம் போட்டிருந்தோம். "அந்தம்மா பேசினதுல நானும் கவுந்துட்டேன் ஹரீஷ்" என்று மோகன்குமார் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "ஆனா ஒரு கம்பெனி மீட்டிங்ல கொண்டு போய் நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழியை அவர் தலையில் கட்டிவிட எனக்கு அவ்வளவு ஆசை. "வெளித் தொடர்புன்னு ஒரு வரி சேத்து, அதுக்கு ரெண்டு மடங்கு மதிப்புக் குடுத்தா சரியாயிடும் சார்" என்று சொன்னது நான்தான். யாரும் கேட்காமலே சொன்னேன். மடிக்கணினியில் அந்த வரியைச் சேர்த்து லாவண்யாவை மேலே கொண்டுவர நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

யேசுராஜ் டீயைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஆடை படிந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருபத்தாறு வருஷம் நடத்தியவர் பேச்சை யார் தட்ட முடியும்? அவர் பேச வேண்டும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் பேசினால் நான் நல்லவனாகத் தப்பித்துவிடலாம். அவரும் என்னிடம் அதையே எதிர்பார்த்தாரோ என்னவோ. கடைசியில் எழுந்துகொண்டே, "மாரம்மாட்ட யாருப்பா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். "அது என் வேலைதான் சார், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். "ஒரு நிமிசங்க சார், டவர் கெடைக்கிற எடத்துக்கு வந்துக்கறன்" என்றார். அவர் மேடேறுகிற மூச்சுச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷி அந்தப் பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்ற செய்தியைக் கேட்பதற்காக மலை ஏறிக்கொண்டிருக்கிறார், நான் ஓசூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காத்திருக்கிறேன். சொன்னேன். முதலில் பாராட்டு, பிறகு செய்தி, மறுபடி பாராட்டு. பழகின கை. "சரிங்க சார். நல்லதுங்க" என்றார். அழுகை ஏதும் இல்லை. நான் நிம்மதியாகப் போனை வைக்கப் போகும்போது, "எங்கிட்ட என்னங்க சார் கொறை? சொன்னீங்கன்னா திருத்திக்குவன்" என்றார்.

குறை இல்லை. நீங்கள்தான் முதல். அளவுகோலை மாற்றினோம். இதைச் சொல்ல என் ஒப்பந்தம் இடம் கொடுக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தம் எல்லாம் சாக்கு. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வேண்டாமென்று சொல்லப்பட்டவருக்கு ஏதாவது ஒரு குறையைக் காட்டி அனுப்பாவிட்டால் எங்கள் தொழிலில் காரியம் முடிந்ததாக ஆகாது. அந்த நிமிடத்தில் என் நினைவில் நின்றது அவர் சொன்ன அந்த மாமியார் கதைதான். அதையே எடுத்துத் திருப்பிவிட்டேன்.

"நீங்க கதை கதையா பேசறீங்கம்மா. சுத்தி வளைக்கறீங்க. ஒரு பொறுப்புக்கு வர்றவங்க நேரா விஷயத்துக்கு வரணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பாயிண்ட் பாயிண்ட்டா பேசணும்."

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு" என்று அவர் திருப்பிச் சொன்னார். "நேரா விசயத்துக்கு வரணும்."

"ஆமாம்மா."

"யாருமே இதச் சொன்னதில்லீங்க சார் எனக்கு. ரொம்ப நன்றிங்க."

அறிக்கையில், உள் விண்ணப்பதாரருக்கு ஆக்கபூர்வமான கருத்துகள் வழங்கப்பட்டன என்று எழுதினேன். குழு அதைப் பாராட்டியது.

லாவண்யா பொறுப்பேற்று மூன்று மாதம் ஆன பிறகு அவரை மலைக்கு அழைத்துப் போனேன். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. அவரைப் பற்றி மோசமாக ஒன்றும் சொல்ல முடியாது. பழைய பதிவேடுகளையெல்லாம் படித்திருந்தார், ஜீப்பில் வழி நெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். அஞ்செட்டியில் மாரம்மா ஏறிக்கொண்டார். என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். நான் பார்வையை வெளியே திருப்பிக்கொண்டேன். வழியில், ஒரு வீட்டில் மருமகளுக்குத் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், எப்படியாவது இன்று கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று லாவண்யாவிடம் சொன்னார். மாமியாரின் பெயர் சம்பங்கி. மாரம்மாவுக்குப் பதினைந்து வருஷப் பழக்கமாம்.

ராகிக் கொல்லையைத் தாண்டி ஓட்டு வீடு. வாசலில் சம்பங்கி முறத்தில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் சுவரைப் பிடித்து நின்றாள், வயிறு குறுக்கே அகன்றிருந்தது. "பா மாரம்மா, ஊட்டா ஆய்த்தா?" என்று சம்பங்கி மணையை நகர்த்திப் போட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டவருக்கு மாரம்மா பதில் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராக நின்றார்.

"இன்னிக்கி மூணு விசயம் சொல்ல வந்திருக்கறன். ஒண்ணு, குழந்தை குறுக்கால இருந்தா வீட்ல பிரசவம் பாக்கக் கூடாது. அது ஆபத்து."

சம்பங்கிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வந்திருக்கிற ஆட்களுக்காக ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்தார், மறுபடி மாரம்மாவைப் பார்த்தார். "எருமை கன்னு போட்டிருக்குது மாரம்மா, பாக்கலியா?" என்று கன்னடத்திலேயே கேட்டார்.

"அது அப்புறங்க. ரெண்டு, நம்ம கெலமங்கலம் வீட்டுல பத்து நாளும் சாப்பாடு, தங்கறது எல்லாம் இலவசம். மூணு, ஜீப்பு இப்பவே தயாரா இருக்குது."

"ஏனாய்த்து நினகே?" என்றார் சம்பங்கி. உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மாரம்மா நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழுதாக மூன்று நிமிடம் இருக்கும். எல்லாம் சரியான விஷயங்கள். ஒரு வார்த்தை தப்பில்லை. சம்பங்கி முறத்தைக் கீழே வைத்தார். அரசாங்க ஆட்கள் வந்தால் காட்டுகிற முகம் ஒன்று மலைக்காரர்களிடம் உண்டு. அந்த முகத்தை அவர் மாரம்மாவுக்குக் காட்டினார். "எம் மகன் வரட்டும், கேட்டுச் சொல்றமுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக மாரம்மாவுக்கு 'ங்க' போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

"ரொம்ப கிளியரா சொன்னாங்க இல்ல?" என்றார் லாவண்யா என்னிடம் மெதுவாக. மாரம்மா வேறு மாதிரி பேசி அவர் கேட்டதே இல்லை. டாக்டரிடம் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடிக் கொல்லைப் பக்கம் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் வாசலில் நின்றோம். மாரம்மா வேர்த்திருந்தார். "மூணு மாசமாப் பழகறனுங்க சார். மொதல்ல நாக்கே திரும்பல. இப்பத் தேவல. ஆனா வர்றவங்கதான் கொறஞ்சிட்டாங்க. போன மாசம் ரெண்டே பேரு. அதுக்கு முந்தி ஏழெட்டுப் பேரு வருவாங்க. நான் இன்னும் சரியாப் பேசல போல" என்றார்.

உள்ளே அந்தப் பெண் மெல்ல முனகுகிற சத்தம் கேட்டது. இதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன். "மாரம்மா, நான் அன்னிக்கிச் சொன்னது பொய். உங்ககிட்ட அப்பிடி ஒரு கொறையும் இல்ல. நீங்கதான் அதிக மார்க். நாங்கதான் மாத்தினோம். நீங்க பழையபடி போய் உக்காருங்கம்மா, எருமையப் பாருங்க, தயவு பண்ணி."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் முகம் இளகியது. குழந்தை பெற்றவளிடம் பேசுகிற மாதிரி, தணிந்த குரலில், "எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. நீங்க நல்லவருங்க சார்" என்றார்.

"இல்லம்மா, நெஜமா—"

"பரவால்லீங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." கதவிடுக்கில் சம்பங்கியின் கண் தெரிந்தது, பிறகு மறைந்தது. மாரம்மா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். தேதி எழுதினார். கீழே ஒன்று என்று போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பேனாவைத் தாளின் மேலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க சார். இன்னிக்கி எங்க தப்பாச்சு?"